குடும்பச் சின்னத்தில் சிலுவை இருந்தால் முன்னோர் சிலுவைப் போருக்குப் போனவர்களா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். கணவர் சுவிஸ்காரர், குடும்பப் பெயர் முல்லர். மகள் பிறந்ததும் மாமியார் படச்சட்டத்தில் போட்ட குடும்பச் சின்னம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நீலக் கேடயம், அடியில் பச்சையாக மூன்று குன்று, அதன்மேல் தங்க நிறத்தில் பாதி ஆலைச் சக்கரம், அதற்கும் மேலே முனைகள் பிளந்து வெளிப்புறம் வளைந்த ஒரு சிலுவை, இருபக்கமும் ஒவ்வொரு நட்சத்திரம், கேடயத்துக்கு மேல் இரும்புத் தலைக்கவசம். பின்பக்கத்தில் ஒட்டிய தாளில் நீலம் விசுவாசத்தையும் தங்கம் பெருந்தன்மையையும் குறிக்கும், சிலுவை முன்னோர் சிலுவைப் போரில் கலந்துகொண்டதைக் காட்டும் என்று அச்சடித்திருக்கிறது. இதெல்லாம் உண்மையா, இவர்கள் பிரபு வம்சமா, மகள் இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது: இந்தச் சின்னம் நிஜமாகவே இந்தக் குடும்பத்துடையதா?

சுவிஸில் ஒரு மாநில ஆவணக் காப்பகத்தில், குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களுக்குப் பழைய பதிவுகளை எடுத்துக் கொடுத்து விளக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பதைப் போன்ற சட்டத்தைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் நான் முதலில் சொல்வதும் ஒன்றுதான். பின்பக்கத்துத் தாளைக் கொஞ்ச நேரத்துக்கு மறந்துவிடுங்கள், கேடயத்தை மட்டும் பாருங்கள்.

நிறத்துக்கு நிறம் அர்த்தம் சொல்லும் பட்டியல்கள் பிற்காலத்தில் சின்னங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்களின் கைவண்ணம். 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குதிரை வீரர்கள் கேடயத்தில் நிறம் தீட்டத் தொடங்கியதற்குக் காரணம், தூரத்திலிருந்து ஆள் அடையாளம் தெரிய வேண்டும் என்பதுதான். அதனால் வந்த விதியும் கண்ணுக்கானதே: தங்கம், வெள்ளி என்கிற இரண்டு உலோகங்கள் ஒரு பக்கம்; சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை போன்ற நிறங்கள் இன்னொரு பக்கம்; உலோகத்தின் மேல் உலோகமும் நிறத்தின் மேல் நிறமும் வரக்கூடாது. மஞ்சளும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நூறடி தள்ளி நின்று பார்க்கிறவனுக்குக் குழம்பிவிடும், அவ்வளவுதான். இந்த விதியையும் எல்லோரும் கேட்டு நடந்ததில்லை. துர்காவ் மாநிலத்தின் சின்னத்தில் ஒரு தங்கச் சிங்கம் வெள்ளைப் பின்னணியில் நடந்துகொண்டிருக்கிறது. சின்னக்கலைக்காரர்கள் முணுமுணுப்பதோடு சரி, 1803 முதல் அது அப்படியேதான் இருக்கிறது. உங்கள் கேடயத்திலும் நீலத்தின் மேல் பச்சைக் குன்று இருக்கிறது, விதிப்படி அது தவறு. ஆனால் சுவிஸ் குடும்பச் சின்னங்களில் இந்தத் தவறு ஏராளம், யாரும் பொருட்படுத்துவதில்லை.

நிறத்துக்கு அர்த்தம் தேட வேண்டாம் என்று சொல்ல இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது. சாதாரணக் குடும்பங்களின் சின்னம் முதலில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் முத்திரையில். அந்தக் காலத்தில் பத்திரம் செல்லுபடியாக வேண்டுமானால் கையெழுத்தைவிட முத்திரைதான் முக்கியம். ஊர்த் தலைவர், ஊர் நீதிபதி, நகரசபை உறுப்பினர் எல்லோருக்கும் முத்திரை தேவைப்பட்டது, முத்திரைக்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. தோல் பத்திரத்தின் அடியில் ஒரு தோல் வாரில் தொங்கும் மெழுகு வில்லை. அதில் ஒரு கேடயம், சுற்றிலும் பெயர். மெழுகில் நிறம் ஏது? சக்கரம் தெரியும், அது தங்கமா சிவப்பா என்று தெரியாது. நூறு இருநூறு வருடம் கழித்து அந்தக் குடும்பம் சன்னல் கண்ணாடிக்குச் சின்னம் தீட்டக் கொடுக்கும்போது நிறத்தைத் தேர்ந்தெடுத்தது ஓவியராக இருக்கலாம். ஒரே குடும்பம் ஒரு பதிவில் நீலத்திலும் இன்னொரு பதிவில் சிவப்பிலும் இருப்பதைப் பார்க்கிறோம். அதில் எது விசுவாசம், எது வீரம்? இதற்கு நடுவில் ஒரு குறிப்பு, உங்களுக்கு உபயோகப்படலாம்: வீட்டில் பழைய முத்திரை மோதிரமோ வெள்ளிக் கரண்டியோ இருந்து, அதில் கேடயம் கோடு கோடாகச் செதுக்கியிருந்தால், அந்தக் கோடுகளே நிறம். புள்ளி என்றால் தங்கம், வெறுமையாக விட்டால் வெள்ளி, நிமிர்ந்த கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், பார்க்கிறவருக்கு இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும் கோடு பச்சை, கட்டம் கட்டமாக இருந்தால் கறுப்பு. பெத்ரா சாங்க்தா என்கிற பாதிரியார் 1638இல் வெளியிட்ட முறை இது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

சரி, சிலுவைக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். முனைகள் பிளந்து இருபக்கமும் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் ஆலைச் சக்கரமும் இருப்பதால், அது சிலுவையே இல்லை என்பது என் கணிப்பு. தண்ணீரால் சுற்றும் மாவு ஆலையில் இரண்டு கல் இருக்கும். கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். மேல்கல்லின் நடுத்துளையில் ஒரு இரும்புத் துண்டைப் பதித்திருப்பார்கள். கீழிருந்து வரும் அச்சு அதில்தான் பொருந்தும். கல்லின் பாரத்தைத் தாங்குவதும் அதைச் சுழற்றுவதும் அந்த இரும்புதான். கல்லில் நன்றாகப் பிடித்துக்கொள்ள அதன் கைகளின் நுனியைப் பிளந்து விரித்திருப்பார்கள். மாவரைப்பவனின் தொழிலில் விலையுயர்ந்த, கைதேர்ந்த கொல்லன் செய்யவேண்டிய பாகம் அது. அதனால் ஆலைக்காரக் குடும்பங்கள் சக்கரத்துக்கு அடுத்தபடி அதிகம் போட்டுக்கொண்டது இந்த இரும்பைத்தான். ஓவியர் கை மாறி மாறி வரையும்போது அது மெல்ல மெல்லச் சிலுவை வடிவத்துக்குப் போய்விடுகிறது. படத்தைப் பார்க்காமல், உங்கள் விவரிப்பை மட்டும் வைத்துச் சொல்வதால் இதைக் கணிப்பு என்கிறேன். ஆனால் சிலுவைப் போர்க் கதை சரிவராது என்பதைக் கணிப்பாக அல்ல, உறுதியாகவே சொல்வேன். கிழக்கே சிலுவைப் போர்க்காரர்களின் கடைசிப் பெரிய கோட்டை விழுந்தது 1291இல், சுவிஸ்காரர்கள் தங்கள் கூட்டமைப்பின் பிறப்பாகக் கொண்டாடும் அதே வருடம். அந்தக் காலத்தில் இங்கே கிராமத்து மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயரே இன்னும் நிலைபெறவில்லை. ஊரில் மாவாலை நடத்துகிறவன் முல்லர், அவ்வளவுதான்.

பெயருக்கும் படத்துக்கும் உள்ள இந்த நேரடித் தொடர்பு சுவிஸ் சின்னங்களின் உயிர்நாடி. பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருகிற பொருளைக் கேடயத்தில் போட்டுவிடுவார்கள். பெரிய இடத்துப் பிரபுக்களும் இதைச் செய்தார்கள்: டொகன்பூர்க் பிரபுக்களின் கேடயத்தில் ஒரு நாய், காரணம் ஜெர்மனில் டொக என்றால் வேட்டைநாய். ஷாஃப்ஹௌசனில் செம்மறிக்கடா (ஷாஃப் என்றால் செம்மறி), ஊரியில் காளைத் தலை (ஊர் என்றால் காட்டு எருது), பேர்னில் கரடி (பேர் என்றால் கரடி) எல்லாம் இதே வழி. பேர்ன் நகரத்தை 1191இல் நிறுவிய கோமகன் முதலில் வேட்டையாடிய மிருகம் கரடி, அதனால் அந்தப் பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள். அழகான கதை, ஆனால் கதைதான். உங்கள் மாமியார் வீட்டுத் தாளில் நடந்திருப்பதும் இதுதான்: படம் முதலில் வந்துவிட்டது, வீரக்கதை பின்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பச்சைக் குன்று மூன்றுக்கும் பெரிய அர்த்தம் தேடாதீர்கள். ஆல்ப்ஸ் மலை, கூட்டமைப்பைத் தொடங்கிய மூன்று மாநிலங்கள், பிதா சுதன் பரிசுத்த ஆவி என்று எல்லா விளக்கமும் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது மேலே நிற்கிற பொருளுக்குக் கால் வைக்க ஒரு தரை. நட்சத்திரமும் அதிகமாக இடம் நிரப்பத்தான் வருகிறது. சில வேளை மட்டும் அதற்கு வேலை உண்டு: ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு குடும்பம், அல்லது ஒரே குடும்பத்தின் இரண்டு கிளை இருந்தால், பிரித்துக் காட்ட ஒன்று நட்சத்திரம் சேர்த்துக்கொள்ளும், ஒன்று சேர்க்காது. உங்கள் சின்னத்தில் அது எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் அதே ஊரின் மற்ற முல்லர்களோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தலைக்கவசத்தைப் பார்த்ததும்தான் பிரபு வம்சமா என்ற எண்ணம் வந்திருக்கும். இங்கிலாந்தில் 1484 முதல் இதற்கென்றே ஒரு அரச அலுவலகம் இருக்கிறது, அங்கே சின்னம் என்பது முறைப்படி வழங்கப்படுவது. சுவிஸில் அப்படி எதுவும் கிடையாது. இத்தாலியச் சட்ட அறிஞர் பார்தொலுஸ் 14ஆம் நூற்றாண்டிலேயே, பெயர் வைத்துக்கொள்வதைப் போல யாரும் சின்னமும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். சுவிஸ் மக்கள் அதைக் கிட்டத்தட்ட அப்படியே வாழ்ந்து காட்டினார்கள். தச்சர், கசாப்புக்காரர், விவசாயி, பால்பண்ணைக்காரர் எல்லோரும் சின்னம் வைத்திருந்தார்கள். மரக்கட்டையிலும் கருவியிலும் இது எங்களுடையது என்று வெட்டிவைக்கும் நேர்கோட்டுக் குறிகளை அப்படியே கேடயத்துக்குள் தூக்கிவைத்த குடும்பங்கள் நிறைய. புனித ரோமப் பேரரசரின் பெயரால் சின்னப் பத்திரம் வாங்கிய நகரத்துக் குடும்பங்களும் உண்டு. ஆனால் அந்தப் பத்திரம் இருப்பதால் மட்டும் பிரபு ஆகிவிடவில்லை. கம்பி போட்ட முகமூடித் தலைக்கவசம் பிரபுக்களுக்கு, கண்ணுக்கு ஒரு கீற்று மட்டும் விட்ட மூடிய கவசம் நகர மக்களுக்கு என்று ஒரு வழக்கம் சொல்வார்கள். இங்கே அதை நம்பி முடிவெடுக்க முடியாது, ஏனென்றால் காசு கொடுத்தவர் மனம் குளிர ஓவியர்கள் கம்பிக் கவசத்தையும் கிரீடத்தையும் தாராளமாக வரைந்து கொடுத்திருக்கிறார்கள். பிரபுக்கள் உண்மையில் எப்படிச் சின்னம் வைத்திருந்தார்கள் என்று பார்க்க ஆசையிருந்தால் சூரிச்சில் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சூரிச் சின்னச் சுருள் அங்கே இருக்கிறது, 1340 வாக்கில் தீட்டியது, நீளமான தோல் சுருளின் இருபுறமும் வரிசையாக ஐந்நூறுக்கும் மேற்பட்ட சின்னங்கள். மாவாலைக்காரரை அதில் தேட வேண்டாம்.

இனி முக்கியமான இடம். சின்னம் குடும்பப் பெயருக்கு உரியது இல்லை, ஒரு குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது. முல்லர் என்பது சுவிஸில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர். ஊருக்கு ஊர் ஆலை, ஆலைக்கு ஆலை ஒரு முல்லர். ஒருவருக்கொருவர் எந்த இரத்த உறவும் இல்லை. அவர்களின் சின்னங்களும் வேறு வேறு. ஆகவே முல்லர் குடும்பச் சின்னம் என்று மட்டும் எழுதி, ஊர்ப் பெயர் இல்லாமல் விற்கிற எதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். நல்ல காலம், சுவிஸில் இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு வழி கையிலேயே இருக்கிறது. கணவரின் கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். பிறந்த ஊர் இருக்காது, பூர்வீக ஊர் இருக்கும். அவர் அங்கே காலடி எடுத்து வைத்திருக்கவே மாட்டார், ஆனாலும் குடும்பத்தின் குடியுரிமை தலைமுறையாக அந்த ஊரில்தான். அந்த ஊரையும் பெயரையும் வைத்து சுவிஸ் குடும்பப் பெயர்ப் பதிவில் தேடுங்கள். சுவிஸ் வரலாற்று அகராதியின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. 1962இல் ஏதாவது ஓர் ஊரில் குடியுரிமை வைத்திருந்த குடும்பங்கள் எல்லாம் அதில் உண்டு. அந்த உரிமை 1800க்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்றும் குறித்திருக்கும். 1800க்கு முன் என்று வந்தால், அந்த ஊர் இருக்கும் மாநிலத்தின் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பல காப்பகங்களில் குடும்பச் சின்னத் தொகுப்பு இருக்கிறது. பேர்ன் காப்பகம் தன்னுடையதை இணையத்திலேயே போட்டிருக்கிறது. நீங்கள் தேட வேண்டியது படம் ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் இல்லை. அந்தப் படம் எதிலிருந்து எடுத்தது என்பதைக் கேளுங்கள். 1620ஆம் வருடத்து முத்திரை, தேவாலயத்தில் ஒரு கல்லறைப் பலகை என்று ஆதாரம் சொன்னால் அது கெட்டியான சின்னம். ஆதாரமே இல்லாமல் 1940இல் வரைந்தது என்று வந்தாலும் அது போலி ஆகிவிடாது, புதியது, அவ்வளவுதான்.

1940 என்று சும்மா சொல்லவில்லை. 1939இல் சூரிச்சில் நடந்த தேசியக் கண்காட்சியில் ஒரு நீண்ட பாதையின் மேல் நாட்டின் ஏறத்தாழ 3000 ஊராட்சிகளின் கொடிகளைக் கூரைபோலத் தொங்கவிட்டார்கள். சின்னமே இல்லாத ஊர்கள் அவசர அவசரமாக ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. பக்கத்து நாடுகளில் சர்வாதிகாரம், எல்லையில் போர் மேகம்; சொந்த மண், சொந்த அடையாளம் என்ற பேச்சு உச்சத்தில் இருந்த நேரம். ஒரு காப்பி நிறுவனம் ஊர்ச் சின்னங்களைப் படவில்லைகளாக வெளியிட, பிள்ளைகள் அவற்றைச் சேர்த்துப் புத்தகத்தில் ஒட்டினார்கள். குடும்பங்களும் இந்த அலையில் சின்னம் தேடின, கிடைக்காதபோது வரைந்துகொண்டன. உங்கள் மாமியாரின் பெற்றோர் தலைமுறை அது. அவர் கொடுத்தது அப்போது வந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

மகள் பயன்படுத்தலாமா? தாராளமாக. இங்கே சின்னம் மூத்த ஆண் வாரிசுக்கு என்று இல்லை, குடும்பம் முழுவதற்கும் பொது. சுவிஸ் நீதிமன்றங்கள் குடும்பச் சின்னத்தைக் குடும்பப் பெயரைப் போலவே பாதுகாக்கின்றன, சிவில் சட்டம் 29ஆம் பிரிவின் வழியில். எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. மகள் தந்தையின் பெயரைத் தாங்கினால் அவர் பூர்வீக ஊரும் அவளுக்கு வரும், சின்னமும் வரும். ஒரே நிபந்தனை நான் மேலே சொன்னதுதான்: அது இந்த முல்லர்களுடையதாக இருக்க வேண்டும், வேறோர் ஊர் முல்லர்களுடையதாக இருக்கக்கூடாது. அவர்கள் ஆட்சேபித்தால் சட்டம் அவர்கள் பக்கம். இன்றும் ஒரு முல்லர் வீட்டுப் பையன் வத்திக்கானில் சுவிஸ் காவற்படையின் தளபதி ஆனால், படையின் கொடி நடுவில் அவன் குடும்பச் சின்னம் ஏறும். ஒவ்வொரு தளபதிக்கும் அப்படித்தான் கொடி மாறுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சுவிஸ் வீடுகளில் கணவன் மனைவி இருவரின் கேடயங்களையும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்த்து, பக்கத்தில் பக்கத்தில் வைப்பது பழைய வழக்கம். பதினாறாம் நூற்றாண்டில் புது வீடோ விடுதியோ கட்டினால், நண்பர்கள் தங்கள் சின்னம் தீட்டிய சன்னல் கண்ணாடியை அன்பளிப்பாகக் கொடுப்பார்கள். அவற்றில் இந்த இரட்டைக் கேடயத்தை நிறையப் பார்க்கலாம். கணவனுடையது பார்க்கிறவருக்கு இடப்பக்கம். அதில் ஒரு சிங்கம் இருந்தால், வழக்கத்துக்கு மாறாக மனைவியின் கேடயத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். தெரியாதவர்கள் ஓவியர் திசை மாற்றி வரைந்துவிட்டார் என்பார்கள். மனைவிக்கு முதுகு காட்டக்கூடாது என்பதுதான் அதன் மரியாதை. ஆக உங்கள் வீட்டுச் சுவரில் இன்னொரு கேடயத்துக்கு இடம் இருக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு ஒன்றை நீங்களே அமைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அடுத்தவர் சின்னத்தை எடுக்கக்கூடாது, கேடயத்துக்குள் வெள்ளைச் சிலுவை போட்ட நாட்டுச் சின்னத்தையும் மாநிலச் சின்னங்களையும் தொடக்கூடாது, அவ்வளவுதான். ஒரு வேண்டுகோள் மட்டும்: பனை, கோபுரம், யாழ், கடல், தாமரை என்று அத்தனையையும் ஒரே கேடயத்தில் அடைத்துவிடாதீர்கள். நம் தமிழ் ஆட்கள் பலர் கொண்டுவந்து காட்டும் வரைவுகள் கல்யாண அழைப்பிதழ் மாதிரி இருக்கின்றன. ஒரு பொருள், இரண்டு நிறம், தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் தெரிய வேண்டும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இரண்டு. பின்பக்கத்துத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்; கதை பொய்யானாலும், அதில் அச்சகத்தின் பெயரோ கடையின் முகவரியோ இருந்தால் படச்சட்டம் எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்கலாம். சட்டத்தைக் கழற்றினால் ஓவியத்தின் அடி ஓரத்தையும் பாருங்கள், வரைந்தவரின் சுருக்கக் கையெழுத்தும் வருடமும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்புறம் மாமியாரிடம் இது யார் செய்வித்தது, வீட்டில் வேறு எதிலாவது, பழைய வேதாகமத்திலோ பெட்டியிலோ கரண்டியிலோ, இதே படம் இருக்கிறதா என்று கேளுங்கள். பூர்வீக ஊரின் பெயரை மட்டும் இங்கே எழுதினால் போதும், எந்தக் காப்பகத்துக்கு, என்ன கேட்டு எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.